‘நம்ம ஆடிட்டர்’ யாருடைய ஆடிட்டர்?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

“ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு நாலரை ஏக்கர் நஞ்சை. எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் ஆரம்பத்திலிருந்து உறுப்பினன். மொத்தம் 720 பேர். போன மார்ச் 31 கணக்கில் 400 குவிண்டால் உளுந்து கையிருப்பு, மதிப்பு 28 லட்சம் என்று காட்டியிருக்கிறார்கள். லாபம் 3 லட்சமாம். அந்த வருடம் எங்கள் பக்கம் தாளடி நெல் அறுப்பு பிந்திவிட்டது, அதையடுத்து வரும் உளுந்தும் பிந்தியது. உளுந்தை ஏப்ரல் இரண்டாவது வாரத்தில்தான் எடுத்தோம். மார்ச் 31-ல் காய் பச்சையாகச் செடியில் நின்றது. கம்பெனி குடோன் என்பது 20-க்கு 15 அடி ஹால். அதில் உர மூட்டையும் களையெடுக்கிற ஒரு பவர் வீடரும் கிடந்தன. ஆடிட்டர் குடோன் பக்கம் வந்ததை யாரும் பார்க்கவில்லை. கம்பெனிக் கணக்கை எழுதுவதும் அவருடைய மைத்துனர் நடத்துகிற டேலி ஆபீஸ்தான், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதிக் கொடுக்கிற இடம். இரண்டும் ஒரே மாடி. தலைவரைக் கேட்டால், ‘நம்ம ஆடிட்டர் கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன சந்தேகம்?’ என்கிறார். சென்னையில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையன், ஆடிட்டர்களையே விசாரிக்கிற ஆணையம் டெல்லியில் இருக்கிறது, அங்கே எழுதிப் போடுங்கள் என்கிறான். எழுதலாமா? செப்டம்பர் கடைசியில் பொதுக்கூட்டம். இன்னொரு சங்கடமும் உண்டு. என் மகன் உரக்கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போடுவதும் இதே ஆடிட்டர்தான்.”

ஐயா, வணக்கம். ஆண்டறிக்கையின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதைப் பார்த்தபிறகுதான் எழுதுகிறேன்.

டெல்லிக்கு எழுத வேண்டாம். பையன் சொன்ன ஆணையம் உண்மையிலேயே இருக்கிறது, பல்லும் இருக்கிறது. ஆனால் உங்கள் கம்பெனி அதன் எல்லைக்குள் வராது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் தலைவர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். என்னுடைய இருபத்தெட்டு வருட அனுபவத்தில் பாதிச் சிக்கல் அந்த ‘நம்ம’வில்தான் கிடக்கிறது.

கும்பகோணமோ மன்னார்குடியோ, நம் பக்கத்துக் கடைத்தெருவில் ஆடிட்டர் என்றால் யார்? கணக்கு எழுதித் தருகிறவர், வரி கட்டித் தருகிறவர், பேங்க் லோனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுத் தருகிறவர், நோட்டீஸ் வந்தால் போய்ப் பேசுகிறவர். சி.ஏ. படிக்காதவரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுவார்கள். இவையெல்லாம் நியாயமான வேலைகள்தான், நானும் செய்கிறேன். இங்கே ஆடிட்டர் நம் பக்கத்து ஆள், வக்கீல் மாதிரி. ஆனால் ஒரு கம்பெனியின் சட்டமுறைத் தணிக்கையாளர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் தலைவரின் ஆளும் இல்லை, சி.இ.ஓ.வின் ஆளும் இல்லை. அவரை நியமிப்பது பொதுக்கூட்டம், அதாவது நீங்கள் 720 பேர். அறிக்கையின் முதல் வரியைப் பாருங்கள், ‘உறுப்பினர்களுக்கு’ என்று உங்களை விளித்துத்தான் தொடங்குகிறது. தலைவர் எழுதிவைத்த கணக்கை, அந்தத் தலைவரை நம்பிப் பணம் போட்ட உங்களுக்காகச் சரிபார்த்துச் சொல்ல வந்தவர் அவர். இரண்டு வேலைக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். அதனால்தான் தலைவர் ‘நம்ம ஆடிட்டர்’ என்று சொல்லும்போது யாருக்கும் உறுத்துவதில்லை.

சட்டத்துக்கு உறுத்துகிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, தணிக்கை செய்கிறவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதக் கூடாது, உள்தணிக்கை செய்யக் கூடாது, நிர்வாகச் சேவை தரக் கூடாது என்கிறது. நேராகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. தான் எழுதியதைத் தானே திருத்தி மார்க் போட முடியாது என்பதுதான் இதன் அடிப்படை. உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கக் குறிப்பைப் பாருங்கள். தணிக்கைக் கட்டணம் 15,000 ரூபாய். அதற்கு இரண்டு வரி தள்ளி, கணக்கு எழுதும் கட்டணம் 96,000 ரூபாய். தணிக்கையில் கெடுபிடி காட்டினால் மாதம் 8,000 போய்விடும் என்ற நிலையில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, அவரிடம் கெடுபிடியை எதிர்பார்ப்பது சிரமம். ஆளைக் குறை சொல்லவில்லை, அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சொல்கிறேன். என்னிடமும் இரண்டு வேலையையும் சேர்த்துக் கேட்டு வருவார்கள். ஏதாவது ஒன்றுதான் என்றால் முகம் சுருங்கும். பெரும்பாலும் கணக்கு எழுதும் வேலையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சோறு போடுவது அதுதான்.

‘அது அவர் மைத்துனர் ஆபீஸ், அவருடையது இல்லை’ என்ற பதில் வரும், தயாராக இருங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனிகள் சட்டத்தில் ‘உறவினர்’ யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கணவன் மனைவி, பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, கூட்டுக் குடும்பத்தார். மைத்துனர் அதில் இல்லை. நம் ஊரில் மச்சான் உறவினர் இல்லையென்றால் வேறு யார்தான் உறவினர்! முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயரைக் குடவோலையில் இடக் கூடாது என்று விதி இருக்கிறது. அவரோடு நிறுத்தவில்லை. சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், தாய்மாமன், அக்காள் தங்கை கணவர் என்று வரிசையாக அடைத்துக்கொண்டே போகிறார்கள். எந்த வழியாகக் கணக்கு நழுவும் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது. நல்லவேளையாக 144-ஆம் பிரிவின் விளக்கத்தில், உறவினர் மூலம் என்பதோடு ‘தொடர்புடைய வேறு எவர் மூலமும்’ என்றும், தணிக்கையாளரின் செல்வாக்கில் இருக்கும் எந்த அமைப்பின் மூலமும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாடி, ஒரே பெயர்ப்பலகை, ஒரே கம்ப்யூட்டர் என்றால் கேள்வி அந்த விளக்கத்துக்குள் வந்துவிடும். பலகையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உளுந்து. உங்கள் கடிதத்தின் சாரமே அதுதான்.

ஒரு கம்பெனி லாபத்தைக் கூட்டிக் காட்ட நினைத்தால் மிகச் சுலபமான வழி இறுதி இருப்பு. மார்ச் 31-ல் குடோனில் இருக்கும் சரக்கின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு லாபம் கூடும். உங்கள் கணக்கில் லாபம் 3 லட்சம். அந்த 28 லட்சத்து உளுந்து இல்லையென்றால் அதே கணக்கு 25 லட்சம் நட்டம். பேங்கில் சரக்கைக் காட்டிக் கடன் வாங்கியிருந்தால் அங்கேயும் இதே எண்தான் போயிருக்கும்.

அதனால்தான், சரக்கு பெரிய தொகையாக இருந்தால் தணிக்கையாளர் எண்ணும் இடத்துக்குப் போக வேண்டும் என்று தணிக்கைத் தரநிலை 501 சொல்கிறது. அந்தத் தேதியில் போக முடியவில்லையா, வேறொரு நாள் போய் எண்ணி, இடையில் வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்துச் சரிபார்க்க வேண்டும். அதுவும் முடியாமல், வேறு வழியிலும் ஆதாரம் கிடைக்கவில்லையென்றால், ‘இதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை’ என்று அறிக்கையில் எழுத வேண்டும். உங்கள் அறிக்கையில் அப்படி ஒரு வரியும் இல்லை. சுத்தமான அறிக்கை.

நான் ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. பயிற்சியில் இருந்தபோது சீனியர் என்னை ஓர் அரிசி ஆலைக்கு அனுப்பினார். எந்த ஆலை என்பது இப்போது வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் நெல் மூட்டை அடுக்கிய அட்டி கம்பீரமாக நின்றது. நீளம் இத்தனை, அகலம் இத்தனை, உயரம் இத்தனை வரிசை என்று பெருக்கி எழுதிக்கொண்டு வந்து நீட்டினேன். சீனியர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. ‘மேலே ஏறினியா?’ என்றார். மறுநாள் ஏணியோடும் குத்தூசியோடும் போனேன். ஓரத்து மூட்டைகளில் குத்தினால் நெல் வந்தது. நடுவில் நடந்தபோதே கால் லேசாக அமுங்கியது. குத்தூசியைச் செருகி இழுத்தேன், உமி! நடு அட்டி முழுக்க உமி மூட்டை. கீழே நின்றுகொண்டிருந்த மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை. ‘இந்தப் பையன் ஏறுவான் என்று யாரும் சொல்லவில்லையே’ என்கிற மாதிரி இருந்தது.

நீங்கள் இப்போது அட்டியில் ஏற முடியாது. மார்ச் போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கணக்கை எண்ண வேறு வழிகள் உண்டு. 400 குவிண்டால் என்றால் 50 கிலோ மூட்டையில் 800 மூட்டை. படுக்கவைத்த ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 5 சதுர அடி வேண்டும். உங்கள் குடோன் 300 சதுர அடி. சுவரோடு சுவர் ஒட்டி, ஆள் நடக்க வழியே விடாமல் அடுக்கினாலும் ஒரு வரிசைக்கு 60 மூட்டைதான். 800 மூட்டைக்குப் பதின்மூன்று வரிசை தாண்டும், ஓடு தட்டும். உர மூட்டையும் பவர் வீடரும் எங்கே நின்றன? வேறு குடோனில் வைத்தோம் என்று சொல்லலாம், நியாயமான பதில்தான். அப்படியானால் அந்தக் குடோனுக்கு வாடகை போயிருக்க வேண்டும், அல்லது சேமிப்புக் கிடங்கின் ரசீது இருக்க வேண்டும். உங்கள் லாப நட்டக் கணக்கில் வாடகை என்று இருப்பது அந்த ஒரு ஹாலுக்கான தொகைதான்.

செடியில் காய் பச்சையாக நின்றது என்பது வலுவான பேச்சு, ஆனால் அது மட்டும் போதாது. அது வெளியூரில் வாங்கிய சரக்காக இருக்கலாம், போன வருடத்து உளுந்தாகவும் இருக்கலாம். ஆகவே ‘எங்கள் உளுந்து அப்போது வயலில் இருந்தது’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள். யாரிடம் வாங்கினீர்கள், எடைமேடைச் சீட்டு எங்கே, லாரி வாடகை எவ்வளவு, இறக்குகூலி யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். உளுந்தைப் பொய்யாக எழுதுவது சுலபம். இறக்குகூலி வவுச்சரில் கையெழுத்துப் போட ஊரில் நாலு ஆள் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஏப்ரலுக்குப் பிறகு நடந்தது. மார்ச் 31-ல் இருந்த உளுந்து அப்புறம் எங்கே போயிற்று? விற்றிருந்தால் வாங்கியவரின் பெயரில் பில் இருக்கும், கம்பெனியின் பேங்க் கணக்கில் பணம் வந்திருக்கும். விற்கவில்லையென்றால் இன்றைக்கும் இருக்க வேண்டும், போய் எண்ணலாம். இருந்த சரக்கு ஒன்று போயிருக்கும், இல்லை கிடக்கும். இரண்டும் இல்லாத சரக்கு பேரேட்டில்தான் விளைந்திருக்கும்.

இது சின்னக் கம்பெனியின் சங்கதி என்று நினைக்காதீர்கள். 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டது இதே ரகம்தான். அங்கே உளுந்துக்குப் பதில் ரொக்கம். புத்தகத்தில் ரொக்கமும் பேங்க் இருப்பும் 5,361 கோடி என்று இருந்தது, அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்றார். பேங்கிடம் தானே நேராகக் கேட்டுப் பதில் வாங்குவது தணிக்கையாளர் ஏணி வைத்து ஏறுவதற்குச் சமம். அங்கே கம்பெனி கொண்டுவந்து நீட்டிய காகிதத்தை நம்பினார்கள். தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற ஒரு வலையமைப்பின் இந்திய நிறுவனம்.

அந்த விவகாரத்தில்தான் நம் நாட்டின் ஓட்டையும் வெளியே தெரிந்தது. ஆடிட்டர் தப்புச் செய்தால் யார் விசாரிப்பது? 1949-இல் சட்டம் போட்டு உருவான சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்ஸ் இன்ஸ்டிடியூட்தான். நானும் அதில் உறுப்பினன், எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஆடிட்டர்களை ஆடிட்டர்களே தேர்ந்தெடுத்த சபை விசாரிப்பது என்றால், நம் தெருச் சண்டையை நம் தெருவுக்குள்ளேயே பேசி முடிக்கிற மாதிரிதான். அமெரிக்காவில் என்ரான் என்ற பெரிய கம்பெனி கணக்கு மோசடியில் விழுந்ததும் 2002-இலேயே தொழிலுக்கு வெளியில் நிற்கும் ஒரு கண்காணிப்பு வாரியத்தை அமைத்துவிட்டார்கள். சத்யம் பங்குகள் நியூயார்க்கிலும் வர்த்தகமானதால், 2011-இல் அந்த வாரியமும் அங்குள்ள பங்குச் சந்தை ஆணையமும் சேர்ந்து இந்தியத் தணிக்கை நிறுவனத்துக்கு 75 லட்சம் டாலர் அபராதம் போட்டன. நம் ஆட்கள் செய்த தணிக்கைக்கு அங்கே தண்டம் கட்டினோம். இங்கே 2013 சட்டத்தின் 132-ஆம் பிரிவில் ஆணையத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். எங்கள் இன்ஸ்டிடியூட் எதிர்த்தது, விஷயம் இழுத்தது. 2018 தொடக்கத்தில் வைர வியாபாரி நீரவ் மோடியின் பேங்க் மோசடி விவகாரம் வெடித்தபிறகே வேகம் பிறந்து, அந்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி தேசிய நிதிநிலை அறிக்கை ஆணையம் வந்தது. என்.எஃப்.ஆர்.ஏ. என்று பேப்பரில் வருவது அதுதான். தலைவரையும் உறுப்பினர்களையும் மத்திய அரசு நியமிக்கிறது. தனி ஆளுக்குக் குறைந்தது 1 லட்சம் முதல் வாங்கிய கட்டணத்தின் ஐந்து மடங்கு வரை, நிறுவனத்துக்குக் குறைந்தது 5 லட்சம் முதல் பத்து மடங்கு வரை அபராதம். ஆறு மாதத்திலிருந்து பத்து வருடம் வரை தொழில் செய்யவிடாமல் தடுக்கலாம். எங்கள் தொழிலில் பயம் என்று ஒன்று வந்திருக்கிறது என்றால் அதில் இதற்குப் பங்கு உண்டு, நல்லதுதான்.

ஆனால் அது பார்ப்பது பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகளை, பேங்க், இன்சூரன்ஸ், மின்சாரக் கம்பெனிகளை, பட்டியலாகாத பப்ளிக் கம்பெனியாக இருந்தால் 500 கோடி மூலதனமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடிக் கடனோ உள்ளவற்றை. மத்திய அரசு பொதுநலன் கருதித் தனியே அனுப்பினாலொழிய, உங்கள் 28 லட்சத்துக்கு அங்கே நாற்காலி இல்லை.

அப்படியானால் உங்களுக்கு மேலே யாரும் இல்லையா? இருக்கிறார்கள். மேலே போவதற்கு முன் கையில் இருப்பதைப் பாருங்கள்.

உங்களைப் போன்ற உற்பத்தியாளர் கம்பெனிக்குச் சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு, 378-ஏ முதல். சாதாரணக் கம்பெனியில் பங்குக்குப் பங்கு ஓட்டு. உங்களிடம் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒரு பங்கு வைத்திருக்கிற நீங்களும் நூறு பங்கு வைத்திருக்கிற தலைவரும் அங்கே சமம். பொதுக்கூட்ட நோட்டீஸ் 14 நாளுக்கு முன்பே வர வேண்டும். அதோடு தணிக்கையான ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்), போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும், ஆடிட்டர் நியமனத் தீர்மானத்தின் வரைவும் இணைந்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் கால்வாசிப் பேர், அதாவது 180 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் அறிக்கையோடு உள்ள பழைய நடவடிக்கைக் குறிப்பில் வருகை 61 என்று இருக்கிறது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காபி, கேசரி சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த கூட்டம் போலிருக்கிறது. இந்த முறை 180 பேரைக் கூட்டிவருவதுதான் உங்கள் முதல் வேலை. மூன்றில் ஒரு பங்குப் பேர், 240 கையெழுத்து, எழுத்தில் கேட்டால் போர்டு சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே அத்தியாயத்தில் 378-இசட்.ஜி. பிரிவு ஆடிட்டருக்குக் கூடுதல் கடமைகளைத் தருகிறது. வரவேண்டிய பாக்கி எவ்வளவு, அதில் வராக்கடன் உண்டா, ரொக்கத்தைச் சரிபார்த்தாரா, சொத்து கடன் விவரம், டைரக்டர்களுக்குக் கொடுத்த கடன், கொடுத்த நன்கொடை, அந்த அத்தியாயத்துக்கு விரோதமாக நடந்ததாகத் தெரிகிற எதுவாயினும், எல்லாம் அறிக்கையில் வர வேண்டும். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் இதில் ஒன்றுகூட இல்லை. ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் அறிக்கையைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிய மாதிரி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் ‘ஜவுளி இருப்பு’ என்று இருப்பதைப் பார்த்தீர்களா? உளுந்துக் கம்பெனியில் ஜவுளி எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த ஒரு சொல்லே போதும், மேலே ஏறவில்லை என்று சொல்லிவிடுவேன். இந்தப் பக்கத்தைப் பத்து நகல் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, உடனே செய்யக்கூடியது. ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழே யூ.டி.ஐ.என். என்று 18 இலக்க எண் இருக்கும். 2019 ஜூலையிலிருந்து எல்லாத் தணிக்கை அறிக்கைக்கும் இது கட்டாயம். இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கையெழுத்துப் போட்ட தேதியும், ஆடிட்டர் அங்கே பதிவுசெய்த முக்கியத் தொகைகளும் வரும். உங்கள் கையில் இருக்கும் அறிக்கையின் தொகையும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான கணக்கையும் கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உறுப்பினருக்கு ஒரு கணக்கு, பேங்குக்கு ஒன்று, பதிவாளருக்கு ஒன்று என்று மூன்று கணக்கு ஓடிய இடங்கள் உண்டு.

கேள்விகளை எழுத்தில், கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே தலைவருக்குக் கொடுத்து, ஒப்புதல் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் ஒன்றை ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். பொதுக்கூட்டத்துக்கு அவரோ அவரது தகுதியுள்ள பிரதிநிதியோ வர வேண்டும் என்கிறது 146-ஆம் பிரிவு, கம்பெனி விலக்குத் தந்தாலொழிய. விலக்குத் தந்துவிட்டோம் என்றால், எந்தத் தேதியில், எந்தத் தீர்மானத்தில் என்று கேளுங்கள். வந்தால் ஒரே ஒரு கேள்வி: ‘ஐயா, மார்ச் 31-ல் உளுந்தை நீங்களோ உங்கள் ஆபீஸ் ஆளோ எண்ணிப் பார்த்தீர்களா?’ உண்டு, இல்லை என்று பதில் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். பதில் எதுவானாலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அதுவரை வாட்ஸ்அப் குழுவில் ‘கொள்ளை’, ‘திருட்டு ஆடிட்டர்’ என்றெல்லாம் போட வேண்டாம். ஒரு அவதூறு நோட்டீஸ் வந்தால் 720 பேரில் 700 பேர் மறுநாளே உங்களைத் தெரியாது என்பார்கள். உங்களிடம் இருப்பது சந்தேகம். நல்ல சந்தேகம்தான், ஆனாலும் சந்தேகமே. எடைமேடைச் சீட்டைக் கொண்டுவந்து அவர்கள் மேஜையில் வைத்துவிட்டால் நானே அவர்கள் பக்கம் நிற்பேன்.

கூட்டத்திலேயே ஆடிட்டரை நீக்கிவிடலாம் என்று யாராவது துள்ளுவார்கள். காலம் முடியும் முன் நீக்க மத்திய அரசின் முன்அனுமதியும் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். கேள்வி கேட்கிற ஆடிட்டரைத் தலைவர்கள் துரத்திவிடக் கூடாது என்று போட்ட வேலி அது. அதைப் பிய்க்கப் பார்க்காதீர்கள். அதற்குப் பதில், கணக்கு எழுதும் வேலையை அந்த டேலி ஆபீஸிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும், வேறொரு சி.ஏ.வை உள்தணிக்கைக்கு வைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். உற்பத்தியாளர் கம்பெனிக்கு உள்தணிக்கை சட்டப்படியே கட்டாயம், உங்கள் கம்பெனியில் அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. தணிக்கைக் கட்டணத்தைக் கூட்டவும் நீங்களே தீர்மானம் கொண்டுவாருங்கள். சிரிக்காதீர்கள் ஐயா. 15,000 ரூபாய்க்கு யாரும் ஏணி தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

இத்தனைக்கும் பதில் இல்லையென்றால் அப்போது மேலே போகலாம். ஆடிட்டர் மீதான புகாருக்கு இன்ஸ்டிடியூட்டின் ஒழுங்கு இயக்ககம். படிவம் 1, கட்டணம் 2,500 ரூபாய். போதிய ஆதாரம் திரட்டாமல் கருத்துச் சொன்னார், செய்யக் கூடாத வேலையைச் செய்தார் என்று குறிப்பாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் காகிதம் இணைக்க வேண்டும். அந்த ஜவுளிப் பக்கம் அங்கே பேசும். அவருக்குப் பதில் சொல்ல 21 நாள் தருவார்கள், அதன்பிறகு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். நிர்வாகத்தின் மீதான புகார் வேறு, அது கம்பெனிப் பதிவாளருக்கு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டு இடத்திலும் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள். உறுப்பினருக்கும் கம்பெனிக்கும் நடுவிலான தகராறைச் சமரசமோ நடுவர் தீர்ப்போ மூலம் தீர்க்க வேண்டும் என்று உங்கள் அத்தியாயமே சொல்வதால், எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம்.

மகன் விஷயத்தை எழுதத் தயங்கியிருக்கிறீர்கள் போலிருக்கிறது, கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இன்று ராத்திரியே மகனை உட்காரவைத்து, அவனுடைய ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணும் மெயிலும் யாருடையவை என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பாதிக் கடைகளுக்கு அது ஆடிட்டர் ஆபீஸ் பையனின் எண்ணாகத்தான் இருக்கும். இருந்தால், ஓ.டி.பி. அங்கே போகும்வரை கடை அவர்கள் கையில். உங்கள் கேள்விக் கடிதம் தபாலில் போவதற்கு முன்பே அதை மகனின் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.